றக்பி லீக் உலகில் பரவ ஒன்பதின்மர் ஆட்டம் போதுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 18 நவம்பர் 2025

அவுஸ்திரேலியாவுக்கு எதிரான றக்பி லீக் ஆஷஸ் தொடரின் மூன்று ஆட்டங்களிலும் இங்கிலாந்து தோற்றுவிட்டது. சொந்த மண்ணில், பெரும் கூட்டத்தின் முன்னே, இத்தனை பழைய அணிக்கே இந்த நிலை என்றால் மற்ற நாடுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிரிக்கெட் ரி20 மூலம் உலகெங்கும் பரவியதைப் போல, நாடுகளுக்கிடையிலான றக்பி லீக்கை முழுவதுமாக அணிக்கு ஒன்பதின்மர் கொண்ட குறுவடிவத்துக்கு மாற்றிவிட்டால் என்ன, அண்ணா? பதின்மூவர் ஆட்டம் கழகங்களோடு இருக்கட்டுமே.

19 நவம்பர் 2025

கேள்வியின் முதற்பாதியோடு உடன்படுகிறேன்; "முழுவதுமாக" என்ற சொல்லோடு உடன்பட முடியாது.

பதின்மூவர் ஆட்டத்தில் வலுவான அணிக்கும் வலுக்குறைந்த அணிக்கும் இடையிலான வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு பிடிகள் வரை வாய்ப்பு உண்டு; பந்தோடு வருபவரை எதிரணி பிடித்து நிறுத்துவதே ஒரு பிடி. ஒவ்வொரு பிடிக்குப் பின்னும் தடுக்கும் அணி 10 மீற்றர் பின்வாங்கி மீண்டும் முன்னே ஓடிவர வேண்டும். இதை 80 நிமிடங்கள் செய்வதற்கு முழுநேரப் பயிற்சி பெற்ற உடல் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் கட்டடவேலையோ பள்ளிக்கூட வேலையோ பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர் முதல் அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பார். அதன் பிறகு அவருடைய கால்கள் ஒரு விநாடி தாமதிக்கும். அந்த ஒரு விநாடியில் ட்ரை விழும், அதாவது எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கும். போதாக்குறைக்கு, லீக்கில் புள்ளி விட்டுக்கொடுத்த அணியே பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தை மீளத் தொடங்க வேண்டும். ஆகவே ட்ரை எடுத்த அணியின் கைக்கே பந்து திரும்பிப் போகிறது, களைத்தவர்கள் மீண்டும் தடுக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஹல் நகரில் அவுஸ்திரேலியா ரஷ்யாவை 110–4 என்று வென்றது இப்படித்தான். பதினாறு அணிகளை அழைத்து நடத்திய அந்தப் போட்டி கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. அடுத்த உலகக் கிண்ணம் 2008இல்தான் நடந்தது. எட்டு ஆண்டு இடைவெளி என்பது ஒரு வளரும் நாட்டின் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களைத் தின்றுவிடும்.

ஒன்பதின்மர் ஆட்டத்தின் ஒன்பது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளில் அதே களைப்பு அதே அளவு சேர்வதில்லை. பதினைந்து பேருக்கும் குறைவான நல்ல ஆட்டக்காரர்களோடு ஒரு நாடு மானத்தோடு களமிறங்கலாம். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

19 நவம்பர் 2025, இரவு

மேலே சொல்லாமல் விட்டது ஒன்று: செலவு. பதின்மூவர் ஆட்டம் ஆடிய உடல் மறுநாள் மீண்டும் ஆட முடியாது. ஆறு நாடுகள் ஒன்றோடொன்று மோதும் தொடர் நடத்தினால் வாரக்கணக்கில் தங்குமிடம், சாப்பாடு, வேலைக்கு விடுப்பு எல்லாம் வேண்டும். சம்பளமில்லாத ஆட்டக்காரருக்கு அந்த விடுப்பு எளிதில் கிடைப்பதில்லை. தேசிய அணியில் இடம் கிடைத்தும் முதலாளி விடாததால் போக முடியாத ஆட்களை இங்கே மேற்கு சிட்னியிலேயே எனக்குத் தெரியும். ஒன்பதின்மர் போட்டியை ஒரு மைதானத்தில் ஒரு வாரஇறுதிக்குள் முடித்துவிடலாம்.

22 நவம்பர் 2025

வரலாற்றை ஒருவர் கேட்டிருந்தார். குறுவடிவம் லீக்குக்குப் புதிதில்லை. 1988 முதல் சிட்னியில் அணிக்கு எழுவர் கொண்ட போட்டி ஆண்டுதோறும் நடந்தது. பருவம் தொடங்குமுன் கழகங்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் நிகழ்ச்சியாகத் தொடங்கி, பின்னர் வெளிநாட்டு அணிகளையும் அழைக்கும் உலக எழுவர் போட்டியாக வளர்ந்தது. 1992இல் இங்கிலாந்தின் விகன் கழகம் வந்து கிண்ணத்தை எடுத்துச் சென்றது. அந்த அணியின் மார்ட்டின் ஒஃபையாவின் ஓட்டத்தை அன்று பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

அதே 1992இல் பிஜியும் அழைக்கப்பட்டது. றக்பியின் இன்னொரு வகையான யூனியன் ஆட்டமே மூச்சாக இருந்த அந்தத் தீவுநாட்டில் லீக் கால்வைத்தது அந்த அழைப்பினால்தான். பிஜியின் நோவா நட்ருகு அடுத்த ஆண்டே அவுஸ்திரேலியக் கழகப் போட்டியில் கான்பெரா அணிக்கு ஆடினார்; 1994இல் அந்த அணி இறுதியாட்டத்தை வென்றபோது அவரும் களத்தில் இருந்தார். 1995 உலகக் கிண்ணத்தில் பிஜி தென்னாபிரிக்காவை 52–6 என்று வென்றது. பிறகு 2008, 2013, 2017 ஆகிய மூன்று உலகக் கிண்ணங்களிலும் அரையிறுதி வரை வந்தது. 2017 காலிறுதியில் வெலிங்டனில் நியூசிலாந்தை 4–2 என்று வெளியேற்றியது. ஒரு ட்ரைகூட இல்லாத ஆட்டம் அது. நான் பார்த்த ஆட்டங்களில் மிக அழகான தடுப்பாட்டங்களில் ஒன்று.

குறுவடிவம் நாட்டை வளர்க்குமா என்று கேட்பவர்களுக்கு பிஜியை விடத் தெளிவான விடை என்னிடம் இல்லை. ஆனால் பிஜியின் கதையில் கவனிக்க வேண்டியது 1992க்குப் பிறகு நடந்தவை. எழுவர் போட்டியில் கண்ணில் பட்டவர்களுக்கு ஏறிச்செல்ல ஒரு பதின்மூவர் போட்டி இருந்தது. நாட்டுக்கு மூன்றே ஆண்டுகளில் ஓர் உலகக் கிண்ணம் இருந்தது. அவை இல்லாதிருந்தால் அந்த வாரஇறுதி ஒரு புகைப்படமாகவே முடிந்திருக்கும்.

23 நவம்பர் 2025

ரி20 ஒப்பீட்டைப் பற்றி. சர்வதேச கிரிக்கெட் சபை 2019 ஜனவரி முதல் தன் உறுப்பு நாடுகள் அனைத்தின் ஆண்கள் அணிகளுக்கும் சர்வதேச ரி20 தகுதியைக் கொடுத்தது. 2024 உலகக் கிண்ணத்தில் இருபது அணிகள் ஆடின; டலஸ் நகரில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றது. அதே சபை 50 ஓவர் உலகக் கிண்ணத்தை 2019இலும் 2023இலும் பத்து அணிகளுக்குச் சுருக்கி வைத்திருந்தது. குறுவடிவத்தில் வாசலைத் திறந்து, நீண்ட வடிவத்தில் மூடியது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லீக்கிலும் இப்போது அந்த மூடல்தான் நடக்கிறது: 2022இல் பதினாறு அணிகள் ஆடிய ஆண்கள் உலகக் கிண்ணம் 2026இல் பத்து அணிகளாகிறது. பிரான்ஸ் நடத்த வேண்டிய 2025 போட்டியை அந்நாடு கைவிட்டதும், அது ஓராண்டு தள்ளி அவுஸ்திரேலியாவுக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் சுருக்கியதற்கு ஈடாக எந்த வாசலும் திறக்கப்படவில்லை. என் வருத்தம் இங்கேதான்.

30 நவம்பர் 2025

2019 ஒக்டோபரில் சிட்னியின் பரமட்டாவில் நடந்த ஒன்பதின்மர் உலகக் கிண்ணத்தைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் துங்காபியில் இருப்பதால் மைதானம் ரயிலில் சில நிறுத்தங்கள்தான். மகளோடு இரு நாட்களும் போனேன். பன்னிரண்டு ஆண்கள் அணிகள், நான்கு பெண்கள் அணிகள்.

அந்தக் கூட்டத்தைப் போல ஒன்றை வழமையான கழக ஆட்டங்களில் நான் கண்டதில்லை. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மைதானத்தின் ஒரு பக்கம் முழுவதும் சிவப்பாகி டொங்காவின் பாடல் எழும். அது அடங்குமுன் லெபனானின் தர்புக்கா மேளம் ஒலிக்கும். பப்புவா நியூகினி பந்தைத் தொட்டாலே நடுநிலையான ஆட்களும் எழுந்து நின்றார்கள். பதின்மூவர் ஆட்டத்துக்கு ஒரு நாளில் இரண்டு நாட்டுக் கூட்டம் வரும். இங்கே பன்னிரண்டு நாட்டுக் கூட்டம் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. ஆண்கள் இறுதியில் அவுஸ்திரேலியா நியூசிலாந்தை 24–10 என்று வென்றது. பெண்கள் இறுதியில் நியூசிலாந்து அவுஸ்திரேலியாவை 17–15 என்று வென்றது. என் மகள் இன்றும் நினைவு வைத்திருப்பது இரண்டாவதைத்தான்.

ஆயினும் அன்று என் மனதை உறுத்தியதையும் சொல்ல வேண்டும். அடுத்த இருக்கையில் இருந்த முதியவர், களத்தில் இருந்த ஒரு வெளிநாட்டு அணியின் ஆட்டக்காரர்களைச் சுட்டிக்காட்டி, "இவன் பங்க்ஸ்டவுன் பையன், அவன் கில்ட்ஃபர்ட் பையன்" என்று சிட்னியின் ஊர்ப்பெயர்களைப் பெருமையோடு சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் அந்த அணி பெயரில் தாங்கிய நாட்டின் மண்ணில் அன்று எத்தனை பிள்ளைகள் பந்தைத் தொட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

1 டிசம்பர் 2025

மேற்குறிப்பை வைத்து, நான் பெற்றோர், தாத்தா பாட்டியின் நாட்டுக்காகப் பரம்பரை வழியாக ஆடுபவர்களுக்கு எதிரானவன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 2017இல் முன்னணி ஆட்டக்காரர் ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டு டொங்காவுக்கு ஆட முடிவெடுத்ததுதான் அண்மைக்கால சர்வதேச லீக்கையே மாற்றியது. அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஹமில்டனில் டொங்கா நியூசிலாந்தை வென்றது. 2019இல் ஒரு வார இடைவெளியில் பிரித்தானியாவை 14–6 என்றும் அவுஸ்திரேலியாவை 16–12 என்றும் வென்றது. 2022இல் சமோவா இங்கிலாந்தை 27–26 என்று வென்று உலகக் கிண்ண இறுதிக்கு வந்தது. இவை யாவும் பதின்மூவர் ஆட்டத்தில் நடந்தவை என்பதைக் கேள்வி கேட்டவர் குறித்துக்கொள்ள வேண்டும். அவுஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் யாரும் நெருங்க முடியாது என்ற கூற்று 2017க்குப் பிறகு செல்லாது. இவற்றை ஒன்பது நிமிடப் பாதிகளில் நான் பார்க்க விரும்பமாட்டேன். ஹமில்டனில் அன்று இடைவேளையின்போது பின்தங்கியிருந்த டொங்கா இரண்டாம் பாதியில் மெல்ல மெல்ல ஆட்டத்தைத் தன் பக்கம் இழுத்ததற்கு நேரம் தேவைப்பட்டது.

பசிபிக் தீவுகளின் உச்ச அணிகளுக்குப் பரம்பரை விதி வேலை செய்துவிட்டது. அவற்றுக்குத் தேவை ஒழுங்கான பதின்மூவர் தொடர். 2023 முதல் நடக்கும் பசிபிக் சாம்பியன்ஷிப் அதைத் தருகிறது. ஒன்பதின்மர் ஆட்டம் தேவைப்படுவது அவற்றுக்குக் கீழே உள்ள வரிசைக்கு.

9 டிசம்பர் 2025

அந்த வரிசையில் இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஜமேக்கா 2018இல் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அமெரிக்காவை 16–10 என்று வென்று உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. கரீபியனிலிருந்து அதற்கு முன் எந்த நாடும் வந்ததில்லை. 2022இல் இங்கிலாந்தில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது: அயர்லாந்திடம் 48–2, நியூசிலாந்திடம் 68–6, லெபனானிடம் 74–12. அந்த அணியில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் பட்ட சிரமத்தை நான் மதிக்கிறேன். நியூசிலாந்துக்கு எதிராக ஜமேக்கா எடுத்த அந்த ஒரே ட்ரைக்கு ஹல் மைதானமே ஆடிப்போனது. ஆனால் தகுதிபெற்ற 2018க்கும் ஆடிய 2022க்கும் இடையில் கிங்ஸ்டனில் வளரும் இருபது வயது இளைஞருக்கு என்ன கிடைத்தது என்பதே என் கேள்வி.

கிறீஸின் நிலை வேறு. அங்கே லீக் ஆட்டத்துக்கு அரசின் அங்கீகாரம் இல்லாததால், ஆடுவதே சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தது. ஆட்டங்களை இரவில், ஊருக்கு ஒதுக்குப்புறமான மைதானங்களில் மறைந்து நடத்தினார்கள். 2022 ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. சில மாதங்களில் அவர்கள் இங்கிலாந்திடம் 94–4 என்று தோற்றார்கள். அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துச் சிரித்தவர்களைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது. மறைந்து பயிற்சி எடுத்து வந்தவர்களை முதன்முதலில் நிறுத்த வேண்டிய இடம் முழுநேர ஆட்டக்காரர்களுக்கு எதிரே 80 நிமிடங்களா? பெண்கள் ஆட்டத்திலும் இதே கதை: பிரேசில் தன் முதல் உலகக் கிண்ண ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 72–4 என்று தோற்றது.

ஆகவே நான் கேட்பது இது. உலகக் கிண்ணத்துக்குக் கீழுள்ள நாடுகளுக்கு, ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஆண்டுதோறும் ஒரு ஒன்பதின்மர் போட்டி. அணியில் பெரும்பான்மையோர் அந்நாட்டிலேயே ஆட்டம் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி. நாட்டுக்கு ஆண்கள் அணியோடு பெண்கள் அணியும் கட்டாயம். வெல்பவருக்கு மறு ஆண்டு ஒரு பதின்மூவர் தொடரில் இடம். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முன்னுள்ள மூன்றும் பயனற்றவை.

11 டிசம்பர் 2025

"யூனியனின் எழுவர் ஆட்டம் இருக்கும்போது லீக்கின் ஒன்பதின்மர் ஆட்டம் யாருக்கு வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது, கடினமானது.

எழுவர் ஆட்டம் 1883இல் ஸ்கொட்லாந்தின் மெல்ரோஸில் பிறந்தது. 1976இல் தொடங்கிய ஹொங்கொங் எழுவர் போட்டி அதை ஆசியாவுக்கும் பசிபிக்குக்கும் கொண்டுவந்தது. முதற்போட்டிக்கு அழைக்கப்பட்டவற்றில் இலங்கையும் ஒன்று. 2016இல் ரியோவில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்து பிஜிக்கு முதல் தங்கத்தைத் தந்தது. ஒலிம்பிக் ஆட்டம் என்றானதும் பல நாடுகளில் அரசுப் பணம் தானாக வந்தது. லீக்குக்கு அந்தக் கதவு இல்லை.

கொழும்பில் பள்ளிகளுக்கிடையிலான பிராட்பி கேடய யூனியன் ஆட்டங்களுக்காகப் பள்ளியைக் கட்டடித்துப் போன தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இலங்கையில் யூனியன் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்தது. அங்கே ஒன்பதின்மர் லீக்கைக் கொண்டுபோய் வைத்தால் எழுவர் ஆட்டத்தின் நிழலில்தான் அது நிற்கும். எனவே லீக் ஏற்கனவே மக்களிடம் இருக்கும் இடங்களின் அண்டையில் தொடங்க வேண்டும் என்கிறேன். சொலமன் தீவுகளுக்குப் பக்கத்தில் பப்புவா நியூகினி இருக்கிறது. அங்கே லீக் தேசிய விளையாட்டு. 2023இல் ஹொனியாராவில் நடந்த பசிபிக் விளையாட்டு விழாவில் ஒன்பதின்மர் லீக் இடம்பெற்றது. 2019இல் அப்பியாவிலும் அவ்வாறே. அந்த விழாவைச் சுற்றி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எழும் உற்சாகத்தை ஆண்டுதோறும் எழச் செய்வதுதான் வேலை.

12 டிசம்பர் 2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. எழுவருக்கும் ஒன்பதின்மருக்கும் வெறும் எண்ணிக்கை வேறுபாடுதான் என்று எண்ண வேண்டாம். எழுவர் ஆட்டத்தில் வெளி அதிகம். வேகம் உள்ளவன் வெல்வான். ஒன்பது பேர் நிற்கும்போது நடுவில் ஒரு தடுப்புச்சுவர் உருவாகிறது. பருத்த உடம்புக்காரருக்கும் வேலை இருக்கிறது. பிடிபட்டவன் எழுந்து காலால் பந்தைப் பின்னே உருட்டுவதும், அங்கே நிற்பவன் எடுத்து எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பதும், லீக்கின் உயிர்நாடியான அந்த அசைவுகளும் அப்படியே இருக்கின்றன. இதைப் பழகியவன் பதின்மூவர் ஆட்டத்துக்குப் போகும்போது புதிதாகக் கற்க வேண்டியது குறைவு.

யூனியனிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எழுவர் யூனியனில் புள்ளி எடுத்த அணியே உதைத்துத் தொடங்கும். விட்டுக்கொடுத்தவர்களுக்கு உடனே பந்து கிடைக்க வாய்ப்பு உண்டு. வளரும் நாடுகளின் எந்தக் குறுவடிவப் போட்டியிலும் இந்த விதி இருந்தே ஆக வேண்டும்.

28 டிசம்பர் 2025

சக்கரநாற்காலி லீக்கை யாரும் குறிப்பிடவில்லை. அணிக்கு ஐவர், ஆணும் பெண்ணும், மாற்றுத்திறனாளியும் அல்லாதவரும் ஒன்றாக ஆடலாம். 2022 இறுதியில் மான்செஸ்டரில் 4,500க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இங்கிலாந்து பிரான்ஸை 28–24 என்று வென்றது. உள்ளரங்கம் ஒன்று போதும் என்பதால் புதிய நாடுகள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். நாற்காலிகளின் விலைதான் தடை.

10 ஜனவரி 2026

ஒக்லாந்தில் 2014 முதல் 2017 வரை நடந்த கழக ஒன்பதின்மர் போட்டியை நினைவூட்டியவருக்கு: ஆம், முதல் ஆண்டுகளில் ஈடன் பார்க் நிரம்பியது. பிறகு பெரிய ஆட்டக்காரர்களைக் காயத்துக்குப் பயந்து கழகங்கள் அனுப்பத் தயங்கின, போட்டி நின்றது. 2020இல் பேர்த்தில் ஒருமுறை நடத்தினார்கள், அத்தோடு சரி. சம்பளம் வாங்கும் கழகத்துக்கு இந்த வடிவம் ஓர் உபரி. அதனால் அவர்களுடைய தயவில் இதை வைத்திருக்கக் கூடாது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு. எங்கள் பகுதிப் பூங்காவில் சனிக்கிழமைகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு உதவி செய்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் முழு ஆட்டத்துக்கு வருவது அரிது. தலையில் அடிபடும் என்று தாய்மார் விடமாட்டார்கள், அந்தப் பயம் நியாயமானதும்கூட. இடுப்பில் செருகிய பட்டியைப் பறிக்கும் ஒஸ்டாக் ஆட்டத்துக்கு அதே தாய்மார் தாங்களே காரில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஓரிரு ஆண்டுகளில் அவர்களில் சிலர் முழு ஆட்டத்துக்குப் போகத் தாங்களே கேட்கிறார்கள். இதை என் கண்முன் பார்த்திருப்பதால்தான் சிறிய வடிவத்தின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை. மேலே போக முழு ஆட்டம் ஒன்று பக்கத்து மைதானத்திலேயே நடப்பதால்தான் இது பலிக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

11 ஜனவரி 2026

பப்புவா நியூகினி இதற்கு நாட்டளவிலான உதாரணம். 2014இல் அந்நாட்டின் ஹண்டர்ஸ் அணி அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கழகப் போட்டியில் சேர்ந்தது. 2017இல் கிண்ணத்தை வென்றது. 2028இல் அந்நாட்டு அணி அவுஸ்திரேலிய உச்சப் போட்டிக்கே வருகிறது. அவுஸ்திரேலிய அரசு பத்து ஆண்டுகளில் 600 மில்லியன் டொலர் தருகிறது. அந்தத் தொகையில் ஒரு சிறு துளி இருந்தால் தென் பசிபிக்கின் ஒன்பதின்மர் போட்டியைப் பல ஆண்டுகள் நடத்தலாம்.

3 பெப்ரவரி 2026

"சரி, எப்போது, எங்கே தொடங்குவது?" என்று முதற்கேள்வி கேட்டவரே மீண்டும் எழுதியிருக்கிறார்.

இந்த ஆண்டே தொடங்கலாம். உலகக் கிண்ணம் ஒக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை நடக்கும். 2022இல் ஆடி இம்முறை இடமில்லாமல் போன ஆறு நாடுகள்: வேல்ஸ், ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இத்தாலி, கிறீஸ், ஜமேக்கா. 1995இலும் 2000இலும் அரையிறுதி ஆடிய வேல்ஸ் இந்தப் பட்டியலில் இருப்பதே எவ்வளவு பெரிய இழப்பு! இந்த ஆறுக்கும் ஆண்கள், பெண்கள் என இரு பிரிவுகளில் ஒரு வாரஇறுதிப் போட்டியை ஐரோப்பாவில் நடத்தலாம். உள்ளூரில் வளர்ந்தோர் விதியை முதல் ஆண்டில் ஒவ்வோர் அணியிலும் பாதிப்பேருக்கு மட்டும் வைத்துத் தொடங்கலாம். ஜமேக்கா போன்ற நாட்டுக்குப் பயணச்செலவை நடத்துவோர் ஏற்க வேண்டும்.

4 பெப்ரவரி 2026

நடுவர்களைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆறு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் ஒரு பிரிவில் பதினைந்து ஆட்டங்கள், இரு பிரிவுகளில் முப்பது. இரண்டு நாட்களில் முப்பது ஆட்டங்கள் என்பது புதிய நடுவர்களுக்குப் பெரும் பயிற்சி. பல வளரும் நாடுகளில் ஓர் ஆண்டு முழுவதும் இத்தனை ஆட்டங்கள் கிடைப்பதில்லை. அழைக்கப்படும் ஒவ்வொரு நாடும் அணிகளோடு இரண்டு நடுவர்களையும் அனுப்ப வேண்டும் என்று விதியில் சேர்த்துவிடுங்கள்.